காலையில் போய் மாலையில் திரும்பும் அயல்நாடு

வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கோ விமானமும் விசா அலுவலக வரிசையும் நினைவுக்கு வரும். பிழைப்பைத் தேடி அஸ்ஸாமுக்கும் வடவங்கத்துக்கும் மணிப்பூருக்கும் வந்து தங்கிவிட்ட தமிழர்களாகிய நமக்கு மூன்றாவதாக ஒரு வெளிநாடு உண்டு. பையில் அடையாள அட்டையும் கட்டுச்சோறும் வைத்துக்கொண்டு காலையில் எல்லையைத் தாண்டி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிற வெளிநாடு. நேபாளம், பூட்டான், மியான்மர் என்ற இந்த மூன்று தேசங்களுக்கும் அப்படிப் போய்வந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே பல இருக்கின்றன.

"விசா வேண்டாம்" என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. எப்போதோ ஒரு தரம் போகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது; வாசல் மூடினால் ஒரு சுற்றுலா தவறிப்போகும், அவ்வளவுதான். வாரம் இரண்டு தரம் போகிறவருக்கு வாசல் மூடினால் பிழைப்பே போய்விடும். ஆகவே அடிக்கடி போய்வருகிறவர், தான் எந்த உரிமையின் பேரில் போகிறோம் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நூல் வியாபாரத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல் இந்த எல்லை ஊர்களில் அலைந்தவன் என்ற முறையிலும், கிடைத்ததைப் படித்துவைத்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எல்லையில் சீட்டுக் கேட்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் முத்திரைச் சீட்டு வழங்குவதற்கென்றே ஓர் அதிகாரி வருகிறார். முத்ராத்யக்ஷன் என்று பெயர். ஒரு மாஷகம் வாங்கிக்கொண்டு முத்திரை தருவார். சீட்டு இருந்தால்தான் நாட்டுக்குள் வரலாம், வெளியே போகலாம். சீட்டில்லாமல் போகும் உள்நாட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். எனவே சீட்டு பழையது. சீட்டிலிருந்து சிலருக்கு விலக்கு அளிப்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். யாருக்கு, எதற்காக, எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளில் அந்த விலக்கு அடங்கிவிடும்.

நேபாளத்தில் விலக்கு குடியுரிமைக்குக் கிடைக்கிறது. 1950 ஜூலை 31ஆம் தேதி கையெழுத்தான இந்திய-நேபாள அமைதி நட்புறவு உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, குடியிருத்தல், சொத்து, வணிகம், நடமாட்டம் ஆகியவற்றில் ஒரு நாட்டாருக்குள்ள சலுகையை மற்ற நாட்டாருக்கும் தருகிறது. இந்தியக் குடிமகன் என்பது ஒன்றே தகுதி. எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. எத்தனை முறை வந்தீர்கள் என்று எண்ணுவதும் இல்லை. சிலிகுரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பானிடங்கியிலிருந்து மேச்சி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் காகர்பிட்டா. ஒரே நாளில் மூன்று தரம் போய்வந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. விமானத்தில் போகிறவர் மட்டும் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டவேண்டும். 65 வயது கடந்தவரும் 15 வயதுக்குக் குறைந்தவரும் ஆதார் அட்டையோடு போகலாம் என்று 2019இல் நம் உள்துறை அமைச்சகம் அறிவித்தது.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சலுகை நம் முகத்துக்கோ மொழிக்கோ கிடைத்ததில்லை, குடியுரிமைக்குக் கிடைத்தது. லீவுக்கு வந்திருக்கும் அமெரிக்கக் குடியுரிமைப் பேரனையும் கூட்டிக்கொண்டு, "சும்மா பாலத்தைத் தாண்டி டீ குடிச்சுட்டு வரலாம்" என்று கிளம்பக்கூடாது. தாத்தாவுக்கு அது பக்கத்து ஊர். பேரனுக்கு விசா வேண்டிய தேசம். அவன் குடிவரவு அலுவலகத்தில் பதிவுசெய்து, முத்திரை வாங்கி, திரும்பும்போதும் இந்தியாவுக்குள் நுழைய உரிய அனுமதி வைத்திருக்க வேண்டும்.

அதேபோல ஆள் போகலாம் என்றால் பொருளும் போகலாம் என்று அர்த்தமில்லை. வண்டி ஓட்டிப்போனால் "பன்சார்" எனப்படும் சுங்கச்சாவடியில் நாள் கணக்கில் பணம் கட்டிச் சீட்டு வாங்கவேண்டும். நம் சங்க நூல்களில் உல்கு என்று வருவதும் இதுதான். 2023இல் நேபாள அரசு, நூறு நேபாள ரூபாய்க்கு மேற்பட்ட சாமானுக்குத் தீர்வை என்ற விதியைக் கறாராக்கியபோது, இந்தியச் சந்தையில் மளிகை வாங்கித் திரும்பிய எல்லைக் கிராமத்துப் பெண்கள்தான் முதலில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆள் தடையின்றிப் போனார். கையிலிருந்த பையை நிறுத்திவைத்தார்கள்.

பூட்டான் கதை வேறு. அங்கேயும் நமக்கு விசா இல்லை. ஆனால் அது அந்த நாடு நமக்குக் காட்டும் மரியாதை. நாடு முழுதும் சுற்றித் திரியும் உரிமை அன்று. ஜெய்காவ் வாசலைத் தாண்டி ஃபுன்ட்ஷோலிங் கடைத்தெருவுக்கு நடந்து போவது 2020 மார்ச் வரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதைப் போலத்தான் இருந்தது. குவஹாத்திக்காரர்களான எங்களுக்குப் பக்கம் சம்த்ருப் ஜோங்கார். கொரோனாவுக்காக அடைத்த வாசலை 2022 செப்டம்பர் 23ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்போது ஏற்பாடே மாறியிருந்தது. அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்லை ஊரைத் தாண்டிப் போகிற இந்தியர் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டவேண்டும். இருட்டுமுன் திரும்புகிறவருக்கு அந்தக் கட்டணச் சுமை இல்லை. வாசல் இருக்கிறது, ஆனால் முன்போல நினைத்தபோது நுழையும் பழக்கம் இல்லை. ஜெய்காவ் வியாபாரிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வங்கதேச எல்லையில் 2011இல் மேகாலயாவின் காலாய்ச்சரில் தொடங்கிய "எல்லைச் சந்தை" இன்னொரு வகை. ஐந்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் மட்டும் அட்டையோடு வந்து வாங்கி விற்றுத் திரும்பலாம். வெளியூர்க்காரனுக்கு அங்கே வேலையில்லை.

இனி மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே. தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள வாசல் அதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். மலை ஏறி இறங்கினால் மோரே. எதிரே மியான்மரின் தமு. இந்த எல்லையில் கோடு போட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டுப் போடவில்லை. 1826 யாண்டபோ உடன்படிக்கையில் ஆங்கிலேயரும் பர்மா மன்னரும் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த கோடு அது. இன்று 1,643 கிலோமீட்டர் நீளம். குக்கி, நாகா, மிசோ மக்களின் உறவுக்காரர்கள் இரு பக்கமும் பிரிந்துபோனார்கள். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் தலைவர் வீட்டின் ஊடாகவே எல்லை போகிறது. இப்படிப்பட்டவர்களிடம் பாஸ்போர்ட் கேட்டால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே விசா கேட்டதாகிவிடும். ஆகவே 1950இல் இந்திய அரசு ஒரு விலக்குத் தந்தது. எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வசிக்கும் மலைவாழ் பழங்குடியினருக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம் என்றது. 1968இல் அனுமதிச் சீட்டு முறை வந்தது. 2004இல் 40 கிலோமீட்டர் 16 ஆகச் சுருங்கியது. பாங்சாவ், மோரே, ஸோகாவ்தார் என்று மூன்று வாசல்கள் குறிக்கப்பட்டன. தங்கும் காலமும் சமமாக இல்லை. அந்தப் பக்கத்தார் இங்கே 72 மணிநேரம் இருக்கலாம். நம்மவர் அங்கே 24 மணிநேரம்தான். 2018இல் ஓராண்டு செல்லும் எல்லைச் சீட்டு, ஒரு தடவைக்கு இரண்டு வாரம் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ளவர்கள் தரைவழியே போகவும் மோரேயைத் திறந்தார்கள்.

விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். "மலைவாழ் பழங்குடியினர்." இதில் தமிழன் எங்கே வருகிறான்?

தமிழன் அங்கே வந்த கதையே இந்த எல்லையின் கதை. 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பல் ஏறினால் ரங்கூன். கடவுச்சீட்டு என்ற பேச்சே கிடையாது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது கால்நடையாக ஓடிவந்தவர்களில் பெருங்கூட்டம் தமு வழியாகத்தான் மணிப்பூருக்குள் நுழைந்தது. போருக்குப் பின் பலர் திரும்பிப் போனார்கள். 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டாண்டுகளில் கடை, வங்கி, ஆலை எல்லாம் நாட்டுடைமை ஆயின. மறுபடி கப்பலில் வந்து இறங்கியவர்களை நாம் "பர்மா அகதிகள்" என்றோம். முகாம் வாழ்க்கை ஒத்துவராமல், பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று தரைவழியே கிளம்பியவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பர்மாக்காரர் எல்லையில் தடுத்துவிட்டார்கள். பின்னே போக மனமில்லாமல், முன்னே போக வழியில்லாமல் தங்கிய இடம் மோரே. ஊரில் தமிழ்ச் சங்கம் வந்தது, அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் வந்தது. இட்லியும் அத்தோவும் ஒரே கடையில் கிடைத்தன.

தமிழோடு பர்மிய மொழியும் மணிப்புரியும் இந்தியும் பேசத் தெரிந்த அவர்களே இரு பக்கத்துக்கும் தரகர்கள். 1995 ஏப்ரல் 12ஆம் தேதி எல்லை வர்த்தகம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. நான் அங்கே அடிக்கடி போகத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். இங்கிருந்து நூல், சீரகம், மருந்து. அங்கிருந்து பாக்கு, பயறு, இஞ்சி. பண்டமாற்று முறையை ரிசர்வ் வங்கி 2015 டிசம்பர் 1 முதல் நிறுத்திவிட்டது.

இரண்டாம் எண் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் பெயர் எழுதி, அந்தப் பக்கம் சொற்பக் கட்டணம் கட்டினால் நம்ஃபாலோங் சந்தை. கம்பளி, செருப்பு, பிளாஸ்டிக் சாமான், சீனத்து ரேடியோ என்று எல்லாம் குவிந்து கிடக்கும். தமு ஊருக்குப் போக ஆட்டோ பிடிக்கலாம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், 1970இல் மாற்றியது. கடிகாரம் நமக்கு ஒரு மணி முன்னால். நேபாளம் 15 நிமிஷம், பூட்டான் அரைமணி, மியான்மர் ஒரு மணி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நான் போன நாட்களில் மாலை 4 மணிக்குத் திரும்பி வந்து அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பொழுதிருக்கச் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் உண்டு. இந்த ஒரு சட்டம் மட்டும் எனக்காகவே போட்டதுபோல இருந்தது.

திரும்பும் வழியில்தான் உண்மையான சோதனை. குடெங்தாபி சாவடியில் வண்டியை நிறுத்தி மூட்டை முடிச்சை எல்லாம் இறக்கச் சொல்வார்கள். இரண்டு கம்பளி சொந்த உபயோகம். இருபது கம்பளி வியாபாரம். இடையில் எங்கே கோடு என்பது அன்றைக்கு நிற்கிற ஆளைப் பொறுத்தது.

ஆக, இம்பால்காரரும் நானும் மோரேத் தமிழரும் ஆயிரக்கணக்கில் போய்வந்தோம் என்றால், அது விதியின் எழுத்தால் அன்று. உள்ளூர் வழக்கத்தால், இரு பக்கத்துக் காவலரின் இசைவால். வழக்கம் என்பது நீடிக்கும்வரை சட்டத்தைவிட வசதியானது. ஒருநாள் அதை நிறுத்திவிட்டால் எந்தக் கோர்ட்டுக்கும் போய்க் கேட்கமுடியாது. நேபாளத்துக்குப் போகிறவனிடம் 7ஆம் பிரிவு இருக்கிறது. மோரேயில் தமிழனிடம் ஒரு பதிவேட்டுக் கையெழுத்துதான் இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வாசல் மூடியது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தமு பக்கம் சண்டை. 2023 மே 3ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் மூண்டது. மோரேயில் வீடுகள் எரிந்தன. எந்தத் தரப்பிலும் சேராத தமிழர் வீடுகளும் அதில் தப்பவில்லை. 2024 பிப்ரவரி 8ஆம் தேதி, பாதுகாப்பைக் காரணம் காட்டி, தடையற்ற நடமாட்ட ஏற்பாட்டையே ரத்துசெய்வதாக உள்துறை அமைச்சர் அறிவித்தார். மிசோரமும் நாகாலாந்தும் எதிர்த்தன. மணிப்பூர் அரசு வரவேற்றது. கள்ளக்கடத்தல், ஆயுதம், போதைப்பொருள் என்று அரசு சொன்ன காரணங்களில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் பெரிய கடத்தல்காரன் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, 4 மணிக்குள் திரும்புகிறவன் இல்லை. எழுதிவிட்டுப் போனவர்கள் வேறு ரகம்.

2024 டிசம்பரில் புதிய விதி வந்தது. 16 கிலோமீட்டர் 10 ஆனது. குறித்த இடங்களில் மட்டும் கடக்கலாம். அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் தரும் எல்லைச் சீட்டு வேண்டும். தங்குவது ஏழு நாள்வரை. அதே மாதம், மணிப்பூர் வரும் வெளிநாட்டார் முன் அனுமதி பெறவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் திரும்பியது. 2020 ஜனவரி முதல் மணிப்பூருக்குப் போகும் மற்ற மாநில இந்தியருக்கும் உள்நுழைவு அனுமதி கட்டாயம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலம் ஒரு வேடிக்கை நடந்தது. குவஹாத்தியிலிருந்து என் சொந்த நாட்டின் மோரேக்குப் போக எனக்கு அனுமதி வேண்டும். மோரேயிலிருந்து வெளிநாட்டுக்குப் போக வாக்காளர் அட்டை போதும். 2020இல் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த விசித்திரம் நீடித்தது.

இன்று வெளியூர்த் தமிழர்களாகிய நமக்கு அந்த வாசல் இல்லை. மியான்மர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு விமானத்தில் யாங்கூன் போவதே முறை. அதுவும் அங்கே நிலைமை என்ன என்று விசாரித்துவிட்டு. "தெரிந்த ஆள் இருக்கிறார், சந்து வழியாகக் கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவேண்டாம். விசா இல்லாமல் போக அனுமதித்த இடத்தில் குறித்த தூரத்தையும் நேரத்தையும் தாண்டினால், அடுத்த நிமிஷமே நீங்கள் சட்டவிரோதமாக நுழைந்தவர். விசா இருக்கிறவன் நாள் தாண்டினால் அபராதத்தோடு முடியலாம். சீட்டே இல்லாதவனுக்கு, தான் எப்படி வந்தான் என்று நிரூபிக்கவே தாள் கிடையாது.

மோரேயிலேயே குடியிருக்கும் தமிழர் நிலை வேறு. புதிய விதி தூரத்தைக் குறைத்திருந்தாலும் ஒரு விஷயத்தில் பழையதைவிட மேல் என்பது என் கருத்து. 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவரா என்பதையே அது கேட்கிறது. வசிப்பிடச் சான்று காட்டினால் சீட்டு. இன்ன இனம் என்ற வாசகத்துக்கு வெளியே நின்றுகொண்டு வழக்கத்தை நம்பிப் போய்வந்தவர்களுக்கு முதன்முறையாக எழுத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

எனக்கு அங்கே பழக்கமான ஓர் அம்மாள் இருக்கிறார். என்னிடம் நூல் வாங்கிச் சில்லறைக்கு விற்றவர். மகளைத் தமுவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். புதன்தோறும் குழம்புப்பொடியும் பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கும் எடுத்துக்கொண்டு காலையில் போய், மத்தியானம் மகள் கையால் சாப்பிட்டுவிட்டு, வாசல் மூடுமுன் வந்துவிடுவார். "நாட்டை விட்டு நாடு போறேன்னு நான் நினைச்சதே இல்லீங்க ஐயா, தெருவு தாண்டிப் போற மாதிரிதான்" என்று சொல்வார். 2020 மார்ச்சுக்குப் பிறகு மகளைக் கண்ணால் பார்க்கவில்லை. 2021க்குப் பிறகு பல நாள் போனும் கிடைப்பதில்லை.

புதிய சீட்டைப் பற்றி நான்தான் அவருக்குப் போனில் படித்துச் சொன்னேன். என்னென்ன தாள் வேணும் என்று கேட்டார். வசிப்பிடச் சான்று வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் 2023இல் வீட்டோடு எரிந்துபோயின. இப்போது மகன் வீட்டு முகவரியில் புதிதாகச் சான்று கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார்.